வீடு என்று சொல்லக் கூடாத இடம்

அத்தியாயம் பதினொன்று

லூயிஸ் எழுந்தான். போர்வையை மடித்தான். சாக்ஸ் போட்டுக்கொண்டான். கேரவனின் தரை நவம்பரில் வெறுங்காலுக்கு ஆகாது.

வெளியே போய், பின்பக்கம் குனிந்து, கேஸ் சிலிண்டரைத் திறந்தான். உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தான். கெட்டிலை வைத்தான். ஜன்னல் கண்ணாடிகளில் உள்பக்கமாக வழிந்திருந்த நீரைப் பழைய துணியால் துடைத்தான். துணியைப் பிழிந்தான். மறுபடி துடைத்தான்.

படுக்கும் முன் சிலிண்டரை மூடுவது, எழுந்ததும் திறப்பது. வெளியே கடைக்குப் போனாலும் மூடிவிட்டுத்தான் போவான். கேரவன்கள் வரிசையாக நிற்கிற இந்தப் பார்க்கில் வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை. பக்கத்துக் கேரவன் க்ளிஃப் கொஞ்ச நாள் இதைப் பார்த்துச் சிரித்தான். இப்போது சிரிப்பதையும் விட்டுவிட்டான்.

குளியலறைக் கதவின் பின்னால் கொக்கி காலியாக இருந்தது. ஏப்ரலிலிருந்து அங்கே ஒரு மஞ்சள் அங்கி தொங்கிக்கொண்டிருந்தது. குளித்துவிட்டுப் போட்டுக்கொள்கிற துவாலை அங்கி. மனைவி ஜெம்மாவுடையது. நேற்று இருட்டியபின் வந்து சேர்ந்ததில் கவனிக்கவில்லை. இப்போது கவனித்தான்.

பல் தேய்த்தான். அது எங்கே என்று கேட்கவில்லை.

மாமியார் மோரீன் கோட்டு மாட்டிக்கொண்டு மேஜையருகே தயாராக உட்கார்ந்திருந்தாள். உதட்டுச்சாயம் போட்டிருந்தாள். அவள் உதட்டுச்சாயம் போட்டால் யாரோ ஒருவருக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

“பேக்கன் வறுத்து வச்சிருக்கேன். சாப்பிடு கண்ணு. வெறும் வயித்தோட சண்டைக்குப் போகாதே.”

“சண்டைக்குப் போகல. பேசப் போறோம்.”

“பேச்சை நான் பாத்துக்கறேன். நீ சும்மா பக்கத்துல உக்காரு.”

“நீங்க பேசக் கூடாதுன்னுதான் நான் லீவு போட்டுட்டு வந்திருக்கேன், மோரீன். போன தடவை அந்த மேனேஜரோட டையைப் பத்திப் பேசினீங்க.”

“அந்த டை அப்படி இருந்துது.”

லூயிஸ் ரொட்டிக்குள் பேக்கனை வைத்துச் சாப்பிட்டான். ருசி தெரியவில்லை. ஏழு மாதமாக எதிலுமே தெரியவில்லை. மென்று விழுங்கினால் வேலை முடிந்தது.

அழைப்பு போன வாரமே வந்துவிட்டது. “ஒரு சின்ன அரட்டைக்கு வந்துட்டுப் போங்க, லூயிஸ்,” என்று பார்க் மேனேஜர் டாமினிக் ஃபோனில் சொன்னபோது, அந்தக் குரலில் வெண்ணெய் தடவியிருந்தது. சின்ன அரட்டை என்றால் என்னவென்று கல்மேர் பார்க்கில் எல்லோருக்கும் தெரியும். முன்வரிசையில், மணல்மேட்டுக்கும் கடலுக்கும் எதிரே, சின்ன அரட்டைக்குப் போய்வந்த மூன்று குடும்பங்களின் கேரவன்கள் இருந்த இடத்தில் இப்போது வெறும் கான்கிரீட் தரைதான் இருக்கிறது.

கேரவன் லூயிஸுடையது. அது நிற்கிற மண் பார்க்குடையது. அடியில் சக்கரம் உண்டு, ஒருநாளும் உருண்டதில்லை. இரண்டு படுக்கையறை, ஒரு சமையல் மூலை, கடலைப் பார்த்த பெரிய ஜன்னல். மார்ச்சில் திறப்பார்கள், ஜனவரி முதல் வாரத்தில் தண்ணீரை நிறுத்தி மூடிவிடுவார்கள். திறந்திருக்கிற காலத்தில் எத்தனை நாள் வேண்டுமானாலும் வந்து தங்கலாம். ஆனால் குடியிருக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் வேறெங்காவது உண்மையான வீடு ஒன்று இருந்தாக வேண்டும். அதுதான் முதல் விதி. மற்ற விதிகளெல்லாம் அதற்குப் பிறந்த குழந்தைகள்.

பார்க்கின் வாசலில் பெரிய பலகை இருக்கிறது. ‘கடலோரம் உங்களுக்கென்று ஒரு வீடு.’ விற்கும்போது அது வீடு. பணம் கைமாறிய மறுநாளிலிருந்து அலுவலகத்தில் அதற்குப் பெயர் யூனிட். அதற்கப்புறமும் நீங்கள் அதை வீடு என்று சொன்னால், அது உங்கள் வாயாலேயே நீங்கள் கொடுக்கிற வாக்குமூலம்.

அதனால் பார்க்கில் யாரும் வீடு என்று சொல்வதில்லை. ஜெம்மா இதில் கறார். அம்மா வாய் தவறினால் மேஜைக்கடியில் தொடையைத் தட்டுவாள். “கேரவன், அம்மா. கேரவன்னு சொல்லு.”

ஜெம்மா ஏப்ரலில் இறந்துபோனாள். மூளையில் ஏதோ ஒரு மெல்லிய குழாய் உடைந்தது என்றார்கள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

சவ அடக்கத்துக்குப் பின் தேநீர் விருந்தில், கையில் சாண்ட்விச் தட்டோடு நின்ற சொந்தக்காரர்களிடம், மோரீன் ஒன்றைச் சொன்னாள். ஜெம்மா கடைசியாக லூயிஸிடம், ‘கேரவனை மட்டும் விட்டுடாதே’ என்று சொல்லிவிட்டுப் போனாளாம். எல்லோரும் லூயிஸைப் பார்த்தார்கள். லூயிஸ் மறுக்கவில்லை. அன்றிலிருந்து அது குடும்பத்தில் எழுதாத உயிலாகிவிட்டது.

அந்த உயிலைக் காப்பாற்றத்தான் இருவரும் இப்போது கிளம்பினார்கள். லூயிஸ் பின்பக்கம் குனிந்து சிலிண்டரை மூடினான்.

வெளியே பனியும் மழையும் கலந்து அடித்தது. க்ளிஃப் குப்பைப் பையை இழுத்துக்கொண்டு எதிரே வந்தான். அவனுடைய கிழட்டு நாய்க்கும் ஒரு மழைக்கோட்டு.

“லீவு எப்படிப் போகுது, மோரீன்?”

“சொர்க்கம். உனக்கு?”

“வெயில் தாங்கல.”

வருடம் முழுக்க இங்கே இதுதான் வணக்கம். யாரும் குடியிருக்கவில்லை, எல்லோரும் லீவில் இருக்கிறார்கள். குழாய் உறைந்தாலும் லீவு, கூரை ஒழுகினாலும் லீவு. முதலில் கேலியாகத்தான் தொடங்கியது. இப்போது கேலியா வழக்கமா என்று யாருக்கும் தெரியாது.

க்ளிஃப் குரலைத் தாழ்த்தினான். “அரட்டைக்கா?”

லூயிஸ் தலையாட்டினான்.

“எதுலயும் கையெழுத்துப் போடாதே. காப்பி குடுத்தா குடி. அது உன் காசுதான்.”

அலுவலகத்தில் சூடேற்றி போட்டிருந்தார்கள். மூலையில் பிளாஸ்டிக் ஈச்சமரம். கண்ணாடிப் பெட்டிக்குள் முன்வரிசையில் வரப்போகிற புது லாட்ஜ்களின், அதாவது பெரிய சொகுசுக் கேரவன்களின், சின்ன மாதிரி வடிவம். தீக்குச்சி உயர மனிதர்கள் கையில் ஒயின் கோப்பையோடு நின்றார்கள். அந்த மாதிரியில் லூயிஸின் கேரவன் நிற்கிற இடத்தில், உட்கார்ந்து குளிக்கிற ஒரு வெந்நீர்த் தொட்டி இருந்தது.

டாமினிக் எழுந்து கைகொடுத்தான். இன்றைக்கு டை இல்லை. மோரீன் அதைக் கவனித்து, திருப்தியாக உட்கார்ந்தாள்.

“முதல்ல, ஜெம்மா விஷயத்துல எங்க எல்லாருக்கும் எவ்வளவு வருத்தம்னு...”

“ஏப்ரல்லயே சொல்லிட்டீங்க,” என்றான் லூயிஸ். “பூ அனுப்பினீங்க. அட்டையில ஜெனிஃபர்னு இருந்துது.”

டாமினிக் ஒரு விநாடி புன்னகையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு கையிலிருந்த டேப்லட்டைத் தட்டினான்.

“தப்பா எடுத்துக்காதீங்க. உங்க யூனிட்ல யாரோ நிரந்தரமா தங்கியிருக்கற மாதிரி எங்களுக்கு ஒரு கவலை.”

“யாரோ இல்ல, நான்தான்,” என்றாள் மோரீன். “இதோ எதிர்லயே உக்காந்திருக்கேன். என்னைக் கேளு.”

லூயிஸ் மேஜைக்கடியில் அவள் காலைத் தேடினான். கிடைக்கவில்லை.

“சரி, உங்களையே கேக்கறேன். நீங்க இங்க குடியிருக்கீங்களா, மோரீன்?”

“லீவுல இருக்கேன்.”

“ஆறேழு மாசமாவா?”

“நான் ரிட்டையர் ஆனவ. எனக்கு நிறைய லீவு.”

“மாசாமாசம் மருந்துக் கடையிலேருந்து உங்க பேருக்கு டெலிவரி வருது.”

“லீவுல இருந்தா ரத்த அழுத்தமும் லீவு எடுத்துக்குமா?”

லூயிஸுக்குள் எங்கோ சிரிப்பு மாதிரி ஒன்று அசைந்தது. மேலே வரவில்லை.

டாமினிக் டேப்லட்டைத் திருப்பி அவர்கள் பக்கம் நகர்த்தினான். “இது போன செவ்வாய்க்கிழமை. எங்க வார்டன் ரோந்து போறப்ப எடுத்தது.”

படத்தில் லூயிஸின் கேரவன். வாசலை ஒட்டிய பலகைத் தளத்தின் ஒரு கம்பத்துக்கும் ஷெட்டுக்கும் நடுவே ஒரு கயிறு. கயிற்றில் ஒரே ஒரு துணி. மஞ்சள் அங்கி, இரண்டு கைகளையும் விரித்து, காற்றில் உப்பி.

“முன்வரிசையில துணி காயப்போடக் கூடாதுங்கறது தெரிஞ்ச விதிதான். அதை விடுங்க. வார நாள்ல, நவம்பர்ல, துணி துவைச்சுக் காயப்போடறதுன்னா அது லீவு மாதிரி தெரியல. குடித்தனம் மாதிரி தெரியுது.” டாமினிக் இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கினான். அங்கி திரை முழுக்க நிறைந்தது. கழுத்துப் பட்டியில் ஜெம்மா தைத்த நீலப் பொத்தான் தெரிந்தது. ஒரிஜினல் பொத்தான் தொலைந்துபோய், கையில் கிடைத்ததைத் தைத்தது.

லூயிஸ் மோரீனைத் திரும்பிப் பார்த்தான்.

“துவைக்கல,” என்றாள் மோரீன் மெதுவாக, அவனுக்கு மட்டும். “காலர்ல கறுப்பா பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சுது. காத்தாட விட்டேன், அவ்வளவுதான். துவைப்பேனா?”

லூயிஸ் டாமினிக்கிடம் திரும்பினான்.

“இது யாரோட துணி தெரியுமா?”

“யாரோடதுங்கறது இங்க...”

“தெரியுமா? பெரிசு பண்ணி வேற பாக்கறீங்களே.”

டாமினிக் மறுபடி திரையைப் பார்த்தான்.

“ஜெனிஃபரோடது,” என்றான் லூயிஸ்.

டாமினிக் டேப்லட்டைத் தன் பக்கம் இழுத்துக் கவிழ்த்து வைத்தான். அவன் காதுமடல் சிவந்திருந்தது. கெட்டவன் இல்லை போலிருக்கிறது. ஆனால் கெட்டவன் செய்ய வேண்டிய வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவன்.

லூயிஸ் பேச ஆரம்பித்தான். குரல் உயரவில்லை. உயராததுதான் மோரீனுக்குப் பயமாக இருந்தது.

“சிலிண்டர் உங்ககிட்டதான் வாங்கணும்னீங்க, வாங்கினோம். இன்ஷூரன்ஸ் நீங்க சொல்ற ஆள்கிட்டன்னீங்க, எடுத்தோம். கேஸ் செக் ஒரு வருஷம் கூடத் தவறல. குளிர்காலத்துக்கு முன்னாடி குழாய்த் தண்ணியை வடிக்கறது, ஜெம்மா தன் கையால செய்வா. ஷெட்டுக்கு என்ன கலர்னு உங்களுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டா. பச்சைன்னீங்க. பச்சை அடிச்சா. மறுவருஷம் புதுக் கம்பெனி வந்து சாம்பல்னீங்க. அதையும் அடிச்சா. ரெண்டு கோட்டிங். இங்கிருக்கற எல்லாரையும் விட விதியை அவ மதிச்சா. அவ செத்தப்புறம் அவ துணியைப் படம் எடுத்து வச்சுக்கிட்டு, அவ விதியை மீறிட்டான்னு காட்டறீங்க.”

“மகள் கடைசியா சொன்னதே, ‘கேரவனை விட்டுடாதே’ன்னுதான்,” என்றாள் மோரீன். “இவன்கிட்டதான் சொன்னா. கேளு.”

லூயிஸ் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற தீக்குச்சி மனிதர்களைப் பார்த்தான்.

டாமினிக் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். “பாருங்க, வேற ஒரு நல்ல வழியும் இருக்கு. உங்க யூனிட்டுக்கு வயசாகுது. புது லாட்ஜ் ஒண்ணுக்கு மாறினீங்கன்னா, பழசை நாங்களே எடுத்துக்கறோம். இந்த விஷயத்தையெல்லாம் அப்படியே பின்னாடி விட்டுட்டுப் புதுசா ஆரம்பிக்கலாம்.”

“அதுல இவங்க இருக்கலாமா?”

“அதை... அப்பப் பேசிக்கலாம்.”

“பழைய கேரவன்ல இருந்தா குடித்தனம். புது லாட்ஜ்ல இருந்தா லீவு.”

“நான் அப்படிச் சொல்லல.”

“சொல்லல. சரி.”

லூயிஸ் நாற்காலியை முன்னால் இழுத்தான். ஏப்ரலுக்குப் பிறகு முதல் முறையாக அவனுக்கு உள்ளங்கை சுட்டது. கோபம் என்று ஒன்று இருந்ததே, அது இப்படித்தான் இருக்கும் என்று தூரத்திலிருந்து ஞாபகம் வந்தது. கிட்டத்தட்ட நன்றாகவே இருந்தது.

“விதியையே பேசுவோம். இங்க தங்கறவங்களுக்கு வேற இடத்துல வீடு இருக்கணும். இருக்குன்னு காட்டணும். கவுன்சிலுக்கு வீட்டு வரி கட்டின இந்த வருஷ ரசீது இருந்தா போதும். வேற ஏதாவது உண்டா?”

“இல்ல. அவ்வளவுதான்.”

“மோரீனுக்கு ராதரம்ல கவுன்சில் வாடகைக்குக் குடுத்த வீடு இருக்கு. ஜெம்மா வளர்ந்த வீடு. நான் பொண்ணு கேட்டுப் போய் நின்ன வாசல். ரசீதை இந்த வாரமே அனுப்பறேன். அனுப்பினா இந்தக் கவலை தீர்ந்துதுன்னு நீங்க எழுத்துல தரணும்.”

டாமினிக் நெற்றியைத் தேய்த்தான். அந்தப் பக்கத்திலிருந்து இனி எடுத்து வீச எதுவும் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. “ரசீது வந்தா ஃபைலை மூடிடறேன். எழுத்துலயே தரேன்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள.”

“சரி. வெள்ளிக்கிழமை.”

ஜெயித்தாகிவிட்டது. அவ்வளவு சுலபம். லூயிஸ் எழுந்தான். மோரீன் கைப்பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். உள்ளே எதையும் தேடவில்லை. லூயிஸ் அதைப் பார்த்தான். அதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை. அவளும் எழுந்தாள். கோட்டின் மேல் பொத்தானைப் போட்டாள். முகம் திடீரென்று களைத்திருந்தது. சண்டை முடிந்ததும் வருகிற களைப்பு என்று அவன் நினைத்தான்.

“வா கண்ணு,” என்றாள். “வீட்டுக்குப் போயி ஒரு டீ போடலாம்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. அவள் கை தானாகத் தன் தொடையைத் தொட்டது, யாரோ தட்டிய இடம் மாதிரி.

டாமினிக் உட்கார்ந்தவாறே நிமிர்ந்து பார்த்தான்.

“எந்த வீட்டுக்கு, மோரீன்?”

“கேரவனுக்குன்னு சொல்ல வந்தாங்க,” என்றான் லூயிஸ். “எல்லாரும் அப்படிச் சொல்றதுதான். ஓட்டல்ல தங்கினா கூட ரூமை வீடுன்னு சொல்லுவோம்.”

“சொல்லுவோம்,” என்றான் டாமினிக். டேப்லட்டை நிமிர்த்தினான். எதையோ தட்டினான். அவ்வளவு நேரம் இல்லாத நிம்மதி அவன் முகத்துக்கு வந்திருந்தது. “ராதரம் இங்கிருந்து ரெண்டு மணி நேரம் இருக்குமில்ல? டீ போட அவ்வளவு தூரம் யாரும் போக மாட்டாங்க. சரி, பரவாயில்ல. வெள்ளிக்கிழமை ரசீதைப் பாத்துடலாம். ரசீது வரலன்னா அன்னிக்கே நோட்டீஸ் வரும். அதுல நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

வெளியே வந்தார்கள். ஈரப்பனி முகத்தில் ஊசி மாதிரி குத்தியது. மோரீன் முன்னால் நடந்தாள். லூயிஸ் நாலு எட்டில் அவளைப் பிடித்தான்.

“ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை உங்களால கவனமா பேச முடியலையா?”

“வாய்ல வந்துடுச்சு.”

“அவன் வாயை மூடியாச்சு. எல்லாம் முடிஞ்சுது. கதவு வரைக்கும் வந்தாச்சு. கதவுகிட்ட நின்னு நீங்க அவன் கையில எடுத்துக் குடுக்கறீங்க.”

“திட்டு. நல்லா திட்டு.”

“திட்டல. சரி, போகட்டும். ரசீது இருந்தா வார்த்தைய வச்சு அவன் ஒண்ணும் பண்ண முடியாது. இப்பவே கிளம்பி ராதரம் போவோம். சாவியை எடுத்துக்குங்க. ரசீதை எங்க வச்சிருப்பீங்க, சமையல் ரூம் டிராயர்லயா?”

மோரீன் நின்றாள். வழியில் ஒரு குட்டையில் பனி விழுந்து கரைவதைப் பார்த்தாள்.

“சாவி இல்ல.”

“கேரவன்ல இருக்கா?”

“எங்கயும் இல்ல. ஆகஸ்ட்ல கவுன்சில்ல திருப்பிக் குடுத்துட்டேன்.”

லூயிஸுக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. மருந்து டெலிவரி. ஷெட் நிறைய அடுக்கியிருந்த பெட்டிகள். பழைய துணி என்று அவள் சொன்னாள், அவன் நம்பினான். ஃபோன் செய்தால் எப்போதும் பின்னணியில் கேட்கும் கடற்பறவைச் சத்தம். அந்த மேஜையில் டாமினிக் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. விதிப்படி பார்த்தால் அந்தக் கடங்காரன் சொன்னதுதான் சரி. அதுதான் தாங்கவில்லை.

“அப்ப நான் அங்க உக்காந்து அவ்வளவு நேரம் பொய் சொன்னேனா?”

“உனக்குத் தெரியாம சொன்னது பொய்யில்ல.”

“ஜனவரியில தண்ணியை நிறுத்திடுவாங்க. அப்ப எங்க போவீங்க? எங்க போறதா நினைச்சீங்க?”

“நினைக்கல.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“நீ கேக்கல, கண்ணு.” கோபமில்லாமல்தான் சொன்னாள். “ஏப்ரல்லேருந்து நீ எதையும் யாரையும் கேக்கல. காலையில அந்த அங்கி எங்கன்னு கூடக் கேக்கல. வெறும் கொக்கியைப் பாத்துக்கிட்டு பல்லு தேச்சே. நான் மேஜையிலேருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

இருவரும் நடந்தார்கள். முன்வரிசையில் காலியான கான்கிரீட் தரைகளைத் தாண்டினார்கள். ஒன்றின் ஓரத்தில் யாரோ விட்டுப்போன பூத்தொட்டியில் தண்ணீர் நின்றது.

“இப்ப கேக்கறேன்,” என்றான் லூயிஸ். “ஏன் குடுத்தீங்க?”

மோரீன் நடையைத் தளர்த்தினாள்.

“எங்க தெருவுல என்னைப் பாத்தா தலையைச் சாய்ப்பாங்க. இப்படி. ‘எப்படி இருக்கீங்க மோரீன்’ம்பாங்க. நான் என்ன சொல்றது? நல்லா இருக்கேன்னா ஒரு மாதிரி பாப்பாங்க. நல்லா இல்லன்னா அன்னிக்கு அவங்க பொழுது கெட்டுப் போயிடும். எதுத்தாப்புல இருக்கறவ என்னைப் பாத்தா ரோடு தாண்டிப் போக ஆரம்பிச்சா. இங்க எவனும் தலையைச் சாய்க்கறதில்ல. லீவு எப்படிப் போகுதும்பான். சொர்க்கம்பேன். அவனும் சிரிப்பான், நானும் சிரிப்பேன், முடிஞ்சுது. அந்தப் பொய்யை ஒரு நாளைக்குப் பத்து தடவை சொன்னா, ராத்திரி தூக்கம் வருது.”

கேரவன் வந்துவிட்டது. கம்பத்தில் கயிறு இன்னும் இருந்தது. மோரீன் அதை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது, நகத்தால் பிராண்டினாள்.

“விடுங்க,” என்றான் லூயிஸ். “கட்டியே இருக்கட்டும்.”

“படம் எடுப்பான்.”

“எடுக்கட்டும்.”

மோரீன் கையை எடுத்தாள். உள்ளே போகவில்லை. படியில் நின்றுகொண்டாள். மழையில் உதட்டுச்சாயம் கலைந்து வாயோரம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“இன்னொண்ணும் சொல்லிடறேன். இன்னிக்கே எல்லாம் போகட்டும். ‘கேரவனை விட்டுடாதே’ன்னு அவ சொல்லல. நான்தான் சொன்னேன். சாண்ட்விச்சைக் கையில வச்சுக்கிட்டு எல்லாரும் கேட்டாங்க, கடைசியா என்ன சொன்னான்னு. எனக்கு என்ன தெரியும்? நான் ராதரம்ல சோஃபாவுல உக்காந்து டீவி பாத்துக்கிட்டிருந்தேன். ஏதாவது ஒண்ணு சொல்லணும்னு தோணிச்சு.”

“தெரியும்.”

“தெரியும்னு எனக்கும் தெரியும். ஏன் சும்மா இருந்தே?”

“அது நல்லா இருந்துது. அவ சொல்லியிருக்கலாம் போல இருந்துது.”

லூயிஸ் பின்பக்கம் போனான். சிலிண்டர் முன் குனிந்தான். வால்வில் கை வைத்தான். உலோகம் சில்லிட்டது. மோரீன் படியிறங்கி அவன் பின்னாலேயே வந்து நின்றாள்.

“நீதான் கூட இருந்தே,” என்றாள். “ஒரு தடவை கூட நான் கேக்கல. நிஜமா என்ன சொன்னா?”

அவன் வால்வைத் திறக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

“ஊருக்குக் கிளம்பிட்டோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம். காலையிலேருந்து தலைவலின்னு சொல்லிக்கிட்டிருந்தா. நான் பூட்டிட்டு வரேன், நீ போய் உக்காருன்னேன். கார்ல உக்காந்து பெல்ட் போட்டுக்கிட்டா. நான் கதவைப் பூட்டிட்டுக் கார்கிட்ட வந்தேன். கண்ணாடியை இறக்கினா. ஒண்ணு கேட்டா. ஆமான்னேன். ஆமான்னு சொல்லிட்டேனே தவிர, எனக்கே சந்தேகமா இருந்துது. இரு, பாத்துட்டு வரேன்னு திரும்பி வந்தேன். இதே இடம். இப்படித்தான் குனிஞ்சேன். அவ்வளவு நேரம்தான் ஆச்சு. திரும்பிப் போறப்ப தலை ஜன்னல்ல சாஞ்சிருந்துது. தூங்கறான்னு நினைச்சேன்.”

மோரீன் கோட்டின் கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

“என்ன கேட்டா?”

லூயிஸ் சொன்னான்.

“‘சிலிண்டரை மூடிட்டியா?’”